ஒற்றை மோட்டாரும் ஒரு முக்கோணமும்

டிஷ் ஏன் நகர வேண்டும்?

மொட்டைமாடியில் டிடிஎச் டிஷ் பொருத்த வருபவர் திசை பார்த்துத் திருகுகளை முடுக்கிவிட்டுப் போனால் அதோடு சரி. பிறகு அது அசையக் கூடாது. அசைந்தால் படம் போய்விடும். 1980-களில் அமெரிக்கக் கிராமப்புற வீடுகளின் பின்பக்கத் தோட்டங்களில் முளைத்த 10 அடி, 12 அடி டிஷ்கள் இதற்கு நேர்மாறு. ரிமோட்டில் வேறொரு செயற்கைக்கோளைத் தேர்ந்தெடுத்தால் தோட்டத்தில் ஒரு மோட்டார் முனகும். மொத்த டிஷ்ஷும் மெல்லத் திரும்பி வானத்தின் வேறொரு பகுதியைப் பார்த்து நிற்கும்.

டிடிஎச் நிறுவனம் தன் சேனல்களை எல்லாம் வானத்தின் ஓரிடத்திலிருந்தே அனுப்புகிறது. பெரிய டிஷ்காரர்கள் பிடித்ததோ கேபிள் நிறுவனங்களுக்காகப் பல செயற்கைக்கோள்களிலிருந்து இறங்கிய சி-பேண்ட் அலைகளை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெய்லர் ஹோவர்ட் 1976-இல் தன் வீட்டிலேயே டிஷ் அமைத்து இதைச் செய்து காட்டினார். 1979-இல் இத்தகைய டிஷ்ஷுக்கு உரிமம் தேவையில்லை என்று அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம் அறிவித்தது. அதே ஆண்டு நீமன் மார்க்கஸ் கடை தன் கிறிஸ்துமஸ் விற்பனைப் பட்டியலில் ஒரு டிஷ்ஷுக்குப் போட்டிருந்த விலை 36,500 டாலர். 1986 ஜனவரியில் கட்டணச் சேனலான எச்பிஓ தன் அலைகளைப் பூட்டத் தொடங்கியதும் இந்த மோகம் தணிந்தது. டிஷ்கள் மட்டும் தோட்டங்களில் அப்படியே நின்றன. அவற்றை மறுபடி ஓட வைக்க முனைபவர்கள் முதலில் மாற்ற வேண்டியிருப்பது பெரும்பாலும் துருப்பிடித்த மோட்டாரைத்தான்.

இங்கேதான் புதிர். வானத்தில் ஒரு செயற்கைக்கோள் தென்கிழக்கில் தாழ்வாக இருக்கிறது. இன்னொன்று நேர் தெற்கில் உயரமாக இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக டிஷ் பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும், மேல்கீழாகவும் சாய வேண்டும். ஆனால் இந்த டிஷ்களில் இருப்பது ஒரே ஒரு மோட்டார்.

வானத்தில் ஒரு வில்

தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் எல்லாம் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில், ஒரே வட்டப் பாதையில் இருக்கின்றன. அந்த உயரத்தில் சுற்றும் பொருள் பூமி தன்னைத்தானே சுற்றும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிப்பதால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தெரியும். இந்தப் பாதையைத் தகவல்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் 1945-இல் எழுதினார். அதனால் இதைக் கிளார்க் வளையம் என்பார்கள். பின்னாளில் கொழும்பில் குடியேறிய அவர் வீட்டிலேயே 1975-இல் இந்திய விண்வெளித் துறையினர் 5 மீட்டர் டிஷ் ஒன்றை நிறுவிக் கொடுத்தார்கள். இந்தியக் கிராமங்களுக்கான கல்வி ஒளிபரப்பை அவர் அதில் பார்த்தார்.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நிற்பவருக்கு இந்த வளையம் கிழக்குத் தொடுவானத்தில் எழுந்து, தெற்கே உச்சம் தொட்டு, மேற்கில் இறங்கும் ஒரு வில்லாகத் தெரியும். சூரியன் ஒரு நாளில் கடக்கும் பாதையும் இதே போன்ற வில்தான். சூரியனையும் நட்சத்திரங்களையும் தொடரும் தொலைநோக்கிக்கு வானியலாளர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு தீர்வு கண்டிருந்தார்கள்: சுழலும் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துவிட்டால் ஒற்றைச் சுழற்சி போதும். டிஷ்ஷைத் தாங்கும் சட்டத்திலும் அதையே செய்தார்கள். அச்சு துருவத்தை நோக்கிச் சாய்ந்திருப்பதால் இதைத் துருவத் தாங்கி எனலாம்.

ஒரு சிறு திருத்தம் மட்டும் தேவை. நட்சத்திரங்கள் எட்டாத் தொலைவில் இருப்பவை; செயற்கைக்கோள்கள் அவ்வளவு தூரமில்லை. வடக்கே நிற்பவர் அவற்றைச் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும். டிஷ்ஷை அச்சுக்குச் செங்குத்தாக வைக்காமல் சில பாகை கீழே சாய்த்தால் இது சரியாகிவிடும். இந்தச் சாய்வை விலக்கக் கோணம் என்று அழைக்கலாம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், 39 பாகை வட அட்சரேகையில் இருக்கும் டொபீகா நகருக்கு அது வில்லின் உச்சியில் 6.15 பாகை, மேற்குக் கோடியில் 139 பாகை மேற்குத் தீர்க்கரேகையில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு 5.92 பாகை. வித்தியாசம் கால் பாகைக்கும் குறைவு. 10 அடி டிஷ்ஷின் சி-பேண்ட் பார்வை அகலம் ஏறத்தாழ 1.7 பாகை என்பதால் இந்தப் பிழை அதற்குள் மறைந்துவிடும்.

நீளும் தண்டு

வட்டமாகத் திருப்ப வேண்டிய டிஷ்ஷை நேர்கோட்டில் நீளும் ஒரு தண்டுதான் தள்ளுகிறது. ஆக்சுவேட்டர் என்று எல்லோரும் அழைக்கும் இந்தக் கருவியின் வெளிக்குழாயின் ஒரு முனையில் மோட்டாரும் பல்சக்கரங்களும் இருக்கும். குழாய்க்குள் ஒரு நீண்ட திருகு. திருகின்மேல் ஒரு மரை. மரையோடு இணைந்த உள்குழாய் வெளியே நீளும், உள்ளே சுருங்கும். வெளிக்குழாயை ஒரு கவ்வி பிடித்துத் தாங்கியின் அசையாத பகுதியோடு இணைக்கிறது. உள்குழாயின் நுனி டிஷ்ஷின் முதுகுச் சட்டத்தில் மாட்டப்படுகிறது. மோட்டாருக்கு 36 வோல்ட் நேர்மின்சாரம். கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் ஓடும்.

திருகில் இரண்டு வகை உண்டு. சரிவகப் பல் கொண்ட சாதாரணத் திருகு, அக்மி எனப்படுவது, உராய்வில் பெரும்பகுதி ஆற்றலை வீணாக்கும். குண்டுத் திருகில் மரைக்கும் திருகுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருள்வதால் வீணாவது மிகக் குறைவு. கேட்பதற்குக் குண்டுத் திருகே மேல் என்று தோன்றும். ஆனால் டிஷ்ஷுக்கு அந்த உராய்வு ஒரு வரம். மின்சாரம் நின்றதும் அக்மி திருகு நின்ற இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். காற்று எவ்வளவு தள்ளினாலும் மரை பின்னால் ஓடாது. குண்டுத் திருகுக்குத் தனியாக பிரேக் வேண்டும். மணிக்கணக்கில் அசையாமல் நின்று, எப்போதாவது நகரும் ஒரு கருவிக்கு அக்மியே போதும்.

விற்பனைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் தண்டு நீளும் தூரம். 18, 24, 36 அங்குலம் ஆகியவை வழக்கமான அளவுகள். சூப்பர்ஜாக் போன்ற தயாரிப்புகளில் 3624 என்றிருந்தால் முதல் இரண்டு இலக்கங்கள் வோல்ட், அடுத்த இரண்டு அங்குலம். 8 அடிக்கு 18, 10 அடிக்கு 24, அதற்கு மேல் 36 என்று ஒரு வாய்வழி விதி உலவுகிறது. விதி பெரும்பாலும் சரியாகவே வரும். அது ஏன் சரி, எப்போது தவறும் என்பதற்கு ஒரு முக்கோணத்தை வரைந்து பார்க்க வேண்டும்.

டொபீகாவில் ஒரு 10 அடி டிஷ்

டொபீகா ஏறத்தாழ 95.7 பாகை மேற்கில் இருக்கிறது. அங்குள்ள ஒரு தோட்டத்து டிஷ் 72 பாகை மேற்கிலிருந்து 139 பாகை மேற்கு வரையுள்ள செயற்கைக்கோள்களைப் பிடிக்க வேண்டும் என்று கொள்வோம். தீர்க்கரேகைக் கணக்கில் இது 67 பாகை. ஆனால் டிஷ் நிற்பது பூமியின் மையத்தில் அல்ல, அதன் மேற்பரப்பில். செயற்கைக்கோள்களுக்குச் சற்று அருகில். அருகில் நிற்பவர் கூடுதலாகத் திரும்ப வேண்டும். கிழக்கே 27 பாகை, மேற்கே 48 பாகை, ஆக 75 பாகைச் சுழற்சி.

முக்கோணத்தின் ஒரு முனை சுழலச்சு. இரண்டாவது முனை கவ்வி. மூன்றாவது, தண்டின் நுனி டிஷ்ஷைத் தொடும் இடம். கவ்வி அச்சிலிருந்து 18 அங்குலத்திலும், நுனி அச்சிலிருந்து 18 அங்குலத்திலும் இருக்கட்டும். ஆக்சுவேட்டர் இந்த முக்கோணத்தின் மூன்றாவது பக்கம். அச்சில் உள்ள கோணம் 45 பாகையாக இருக்கும்போது இந்தப் பக்கத்தின் நீளம் 13.8 அங்குலம். டிஷ் 75 பாகை சுழன்று கோணம் 120 ஆகும்போது 31.2 அங்குலம். இரண்டுக்கும் இடையே 17.4 அங்குலம்.

அப்படியானால் 18 அங்குல ஆக்சுவேட்டர் போதுமே? காகிதத்தில் போதும். மிச்சம் இருப்பது அரை அங்குலம்தான். கவ்வி ஓர் அங்குலம் வழுக்கினால் ஒரு கோடியில் இருக்கும் செயற்கைக்கோள் கைவிட்டுப் போகும். 24 அங்குலத்தை எடுத்தால் 6.6 அங்குலம் கூடுதலாகக் கிடைக்கும். இதில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. 13.8 அங்குலத்தில் முழுதும் சுருங்கியிருக்கும்படி அதை மாட்டினால், முழுதும் நீளும்போது 37.8 அங்குலம் ஆகும். முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் ஒரே கோட்டில் நீண்டாலும் 18-உம் 18-உம் 36 அங்குலம்தானே. அந்தக் கோட்டைத் தொட்டபின் தண்டு டிஷ்ஷைத் திருப்பாது. சட்டத்தை வளைக்கும், அல்லது கவ்வியைப் பிய்க்கும். 36 அங்குல ஆக்சுவேட்டரில் இந்த ஆபத்து இன்னும் பெரிது.

இதற்கு இரண்டு காவல்கள் உண்டு. முதலாவது, கூடுதல் நீளத்தை இரண்டு பக்கமும் பகிர்ந்துவிடுவது. வெளிக்குழாயை எந்த இடத்தில் வேண்டுமானாலும் கவ்வி பிடிக்கலாம் என்பதால் இது எளிது: சுருங்கும் பக்கம் 3 அங்குலம், நீளும் பக்கம் 3.6 அங்குலம் மிச்சம் இருக்கும்படி குழாயை நகர்த்தினால் அதிகபட்ச நீளம் 34.8 அங்குலத்தோடு நின்றுவிடும். கவ்விக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மோட்டார், டிஷ் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதைத் தாங்கும் கம்பத்தில் இடிக்கக் கூடாது. இதை மாட்டும்போதே கையால் திருப்பிப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது காவல், ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் லிமிட் சுவிட்ச். தண்டு குறித்த எல்லையைத் தொட்டதும் சுவிட்ச் திறந்து மின்சாரத்தை வெட்டும். மின்சாரம் வெட்டுப்பட்ட மோட்டார் திரும்பி வருவது எப்படி என்ற கேள்வி எழும். ஒவ்வொரு சுவிட்சின் குறுக்கேயும் ஒரு டயோடு இருக்கிறது. அது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும். மேற்கே போகும் மின்சாரம் அடைபட்டிருந்தாலும் கிழக்கே போகும் மின்சாரம் டயோடு வழியாகப் பாய்ந்து மோட்டாரைப் பின்னுக்கு எடுத்து வந்துவிடும். காசு பெறாத ஒரு சிறு உறுப்பு செய்யும் வேலை இது. இந்த எல்லைகளைத் தோட்டத்தில் நின்று, நேரில் பார்த்து அமைக்காமல் விடுவதே ஆக்சுவேட்டர் பொருத்துவதில் நேரும் ஆகப் பெரிய தவறு.

பிடிதூரம்

கதவைக் கீலுக்குப் பக்கத்தில் கைவைத்துத் தள்ளினால் எவ்வளவு கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆக்சுவேட்டரின் தள்ளலும் அப்படித்தான்: தண்டின் கோட்டுக்கும் சுழலச்சுக்கும் இடையே செங்குத்தாக உள்ள தூரமே அதன் வலிமையைத் தீர்மானிக்கிறது. இதைப் பிடிதூரம் என்று வைத்துக்கொள்வோம். மேலே கண்ட டிஷ்ஷில் தண்டு சுருங்கிய நிலையில் பிடிதூரம் 16.6 அங்குலம், நீண்ட நிலையில் வெறும் 9. கோணம் 150 பாகையை எட்டினால் 5 அங்குலம்கூட மிஞ்சாது. நேர்க்கோட்டுக்கு 30 பாகை முன்னதாகவே தண்டை நிறுத்திவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பிடிதூரம் குறைந்தால் துல்லியமும் குறையும். மரையிலும் மூட்டிலும் 1 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் சுருங்கிய கோடியில் டிஷ் 0.14 பாகை ஆடும். நீண்ட கோடியில் 0.25 பாகை. இரண்டு பாகை இடைவெளியில் அடுத்தடுத்து நிற்கும் செயற்கைக்கோள்களைத் தாண்ட ஓரிடத்தில் தண்டு அரை அங்குலத்துக்கு மேல் நகர வேண்டியிருக்கும். இன்னோரிடத்தில் மூன்றில் ஓர் அங்குலமே போதும்.

அப்படியென்றால் சுருங்கிய நிலை எந்தத் திசையாக இருக்க வேண்டும்? ஆக்சுவேட்டரை டிஷ்ஷின் மேற்குப் பக்க முதுகில் மாட்டினால், தண்டு சுருங்கும்போது அந்த விளிம்பு பின்னால் இழுபட்டு டிஷ் மேற்கைப் பார்க்கும். டிஷ்ஷின் எடை 70 கிலோ என்றும், எடையின் மையம் அச்சுக்கு 40 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்றும் வைத்துக் கணக்கிட்டால் விடை சுவையானது. மேற்கே 48 பாகை சாய்ந்த டிஷ் தன் எடையால் மேலும் சரியப் பார்க்கும். அங்கே பிடிதூரம் அதிகம் என்பதால் தண்டின்மேல் ஏறும் சுமை 39 கிலோதான். கிழக்கே சாய்வு 27 பாகை மட்டுமே. பிடிதூரம் குறைந்தாலும் சுமை 43 கிலோ. இரண்டு கோடியும் ஏறக்குறையச் சமம். அதே ஆக்சுவேட்டரைக் கிழக்குப் பக்கம் மாட்டினால் மேற்குக் கோடியில் சுமை 71 கிலோவாக ஏறிவிடும். கையில் இருக்கும் அதே பொருள்தான், மாட்டும் பக்கம் மட்டும் வேறு.

மேற்குப் பக்கம் மாட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. டிஷ் கிழக்கே போகும்போது தண்டு நீண்டு நிற்கிறது. அப்போது டிஷ்ஷின் எடை அதை இழுக்கிறதே தவிர அமுக்கவில்லை. நீண்ட குழாய் இழுவையைத் தாங்கும், அமுக்கினால்தான் வளையும்.

காற்று கேட்கும் விலை

10 அடி டிஷ்ஷின் முகப் பரப்பு 7.3 சதுர மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் ஏறத்தாழ 165 கிலோ எடைக்குச் சமமான விசை அதன்மேல் விழும். துளையில்லாத தகட்டுக்கான கணக்கு இது. வலைத் தட்டில் கொஞ்சம் குறையும். கம்பிகளில் பனி உறைந்தால் அந்தச் சலுகையும் போய்விடும். இந்த விசையில் பெரும்பகுதியைக் கம்பம் வாங்கிக்கொள்கிறது. ஆனால் காற்று எப்போதும் நட்டநடுவில் மோதுவதில்லை. மோதும் மையம் 15 சென்டிமீட்டர் விலகினாலே, பிடிதூரம் குறைந்த கோடியில் தண்டின்மேல் 108 கிலோ ஏறும். காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் ஆனால் விசை இரண்டே முக்கால் மடங்கு ஆகிவிடும்; தண்டின்மேல் ஏறுவதும் ஏறத்தாழ 300 கிலோ ஆகும். டிஷ்ஷின் எடையையும் சேர்த்தால் 340.

ஆக்சுவேட்டரின் சுமைத்தரத்தைப் பவுண்டில் குறிப்பார்கள். 500 பவுண்டு என்பது 227 கிலோ. இந்த டிஷ்ஷுக்குப் போதாது. 1000 பவுண்டு, அதாவது 454 கிலோ, போதும். பெட்டியில் இரண்டு எண்கள் இருந்தால் சிறியது நகரும்போது தள்ளக்கூடிய சுமை, பெரியது நின்ற நிலையில் தாங்கக்கூடியது. புயலடிக்கும்போது யாரும் செயற்கைக்கோள் மாற்றப் போவதில்லை என்றாலும், சிறிய எண்ணை நம்பி வாங்குவதே நல்லது.

துடிப்புகளை எண்ணுதல்

வீட்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி டிஷ்ஷைப் பார்ப்பதில்லை. மோட்டாரோடு சுழலும் ஒரு காந்தம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ரீட் சுவிட்ச் என்னும் மெல்லிய தகட்டுச் சுவிட்ச் மூடித் திறக்கும். அந்தத் துடிப்புகளைப் பெட்டி எண்ணுகிறது. இதற்கு இரண்டு கம்பிகள் போதும். ஹால் உணரி என்ற மின்னணு வகைக்கு மூன்று கம்பிகள் வேண்டும். பழைய பெட்டியோடு புதிய ஆக்சுவேட்டரைச் சேர்ப்பவர் இந்தப் பொருத்தத்தை முதலில் பார்க்க வேண்டும்.

ஓர் அங்குலத்துக்கு எத்தனை துடிப்பு என்பதும் முக்கியம். 24 துடிப்பு என்றால் நீண்ட கோடியில் ஒரு துடிப்புக்கு டிஷ் 0.27 பாகை நகரும். சி-பேண்டின் 1.7 பாகைப் பார்வைக்கு இது தாராளம். அதைவிட அதிர்வெண் கூடிய கேயு-பேண்டில் அதே டிஷ்ஷின் பார்வை அகலம் 0.6 பாகைக்கும் குறைவு. அங்கே இந்தப் படிகள் முரட்டுத்தனமானவை. கேயு-பேண்டும் வேண்டுமென்பவர் 48 துடிப்பு கொண்டதைத் தேடலாம். எண்ணும் கம்பியை உறையிட்ட கம்பியாக இழுப்பது அவசியம். இல்லையென்றால் மோட்டாரின் இரைச்சலையும் பெட்டி துடிப்பென்று எண்ணிவிடும்.

இன்றைய ரிசீவர்கள் 36 வோல்ட் தருவதில்லை. ரிசீவர் அனுப்பும் டைசெக் எனப்படும் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டும் தனிப் பெட்டி ஒன்றை இடையில் வைக்க வேண்டும். கோஆக்சியல் கம்பி வழியாகவே மின்சாரம் பெறும் சிறு டைசெக் மோட்டார்கள் ஒரு மீட்டர், மிஞ்சிப்போனால் 1.2 மீட்டர் டிஷ்ஷுக்கானவை. 10 அடிக்கு அவற்றை நினைக்கவே வேண்டாம்.

சென்னையில் கணக்கு மாறும்

13 பாகை அட்சரேகையில் இருக்கும் சென்னையில் விலக்கக் கோணம் 2.3 பாகைதான். வில்லின் உச்சி ஏறத்தாழ 75 பாகை உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேலே வருகிறது. சுழலச்சு தரைக்கு அநேகமாக இணையாகக் கிடப்பதால், அதே டிஷ் அதே அளவு சாய்ந்தாலும் எடையால் ஏறும் சுமை டொபீகாவைவிடக் கால் பங்கு கூடுதல். 66 பாகை கிழக்கிலிருந்து 105.5 பாகை கிழக்கு வரை போதுமென்றால் சுழற்சி 46 பாகைதான். 18 அங்குலமே தாராளம். 57 முதல் 138 வரை எல்லாம் வேண்டுமென்றால் சுழற்சி 92 பாகையைத் தாண்டும். அங்கே நீளும் தண்டு தன் எல்லைக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் வேண்டுபவர்களுக்கு எச்-எச் எனப்படும் அமைப்பு உண்டு: தண்டே இல்லாமல், அச்சிலேயே பொருத்திய பல்சக்கரத்தைப் புழுத்திருகு சுழற்றும், தொடுவானம் முதல் தொடுவானம் வரை 180 பாகையும் திரும்பும். விலையும் எடையும் அதிகம்.

எங்கே மாட்டினாலும் தண்ணீர்தான் ஆக்சுவேட்டரின் எமன். உள்குழாய்மேல் ரப்பர் உறை இருக்க வேண்டும். குழாயின் தாழ்ந்த முனையில் இருக்கும் வடிகால் துளை அடைபடக் கூடாது.

டொபீகாவின் அந்த 10 அடி டிஷ்ஷுக்கு விடை இது: 36 வோல்ட், 24 அங்குலம், அக்மி திருகு, 1000 பவுண்டுத் தரம், பெட்டிக்குப் பொருந்தும் உணரி, மேற்குப் பக்கப் பொருத்தம், இரு எல்லைகளிலும் அமைத்த லிமிட் சுவிட்ச். வேறு ஊர், வேறு டிஷ் என்றால் அச்சிலிருந்து இரண்டு தூரங்களையும் அளந்துகொண்ட பிறகே கடைக்குப் போக வேண்டும்.